புதுப்பிப்பு: தங்கையின் இரவுநேர உணவு வேட்கை, பலன் தந்த வழி

பகலில் பட்டினி கிடந்துவிட்டு, இரவில் வர்க்கியும் சாக்லேட்டும் அளவின்றி உண்டு அழும் என் தங்கைக்கு எப்படி உதவுவது என்று குன்னூரிலிருந்து முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது இனிப்பை வீட்டிலிருந்து அகற்றும் யோசனை அன்று. மூன்று வேளை உணவும் இடையே சிற்றுணவுமாக, 4 மணி நேரத்துக்கு மேல் வயிற்றைக் காயவிடக் கூடாது என்று ஓர் அக்கா எழுதியதே. அரசின் இலவச மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் தமிழில் பேசியபின் கோயம்புத்தூரில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். இது 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டில் தனி நோயாகச் சேர்க்கப்பட்ட மிகையுணவுக் கோளாறு என்றும், உணவை மறுக்க மறுக்க வேட்கை கூடும் என்றும் அவர் விளக்கினார்.

எதிர்பாராதது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வேட்கை மீண்டும் ஏறியது. பல பெண்களுக்கும் அவ்வாறு நேர்வதுண்டு என அறிந்தபின், அப்போதும் வேளை தவறாமல் உண்கிறாள். இரவுப் பெருந்தீனி முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் பெரிதும் குறைந்துள்ளது, சிகிச்சை தொடர்கிறது.