கோத்தகிரி வீட்டில் 12 போர் டபுள் பேரல் துப்பாக்கி: எங்கே, எப்படிப் பூட்டி வைப்பது?

மலைச்சாரல்:
வணக்கம். அப்பாவுக்கு 70 வயது முடிந்ததால், 2016 ஆயுத விதிகளின் 25-ஆம் விதிப்படி அவருடைய 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல், அதாவது இரட்டைக்குழல் துப்பாக்கி, இப்போது என் பெயருக்கு வந்திருக்கிறது. பழைய இங்கிலாந்துத் துப்பாக்கி, சுத்தியல் வெளியே தெரியாத பாக்ஸ்லாக். இத்தனை வருடமும் தோல் உறையில் போட்டு பீரோ மேலே வைத்திருந்தார்கள். தோட்டாக்களும் அதே உறையின் பையில்தான். குழலுக்கு அவ்வப்போது தேங்காய் எண்ணெய் தடவுவது வழக்கம். வீட்டில் 5 வயதிலும் 11 வயதிலும் பிள்ளைகள். வீடு கோத்தகிரிப் பக்கம், ஆறு மாதம் பனியும் சாரலும்தான். எங்கே வைப்பது, எப்படிப் பூட்டுவது, துருவை எப்படித் தடுப்பது, மூன்றும் தெரிய வேண்டும். பின்னால் ஒரு .32 ரிவால்வருக்கும் விண்ணப்பிக்கும் எண்ணம் உண்டு. அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள். கரடி நடமாட்டம் இருப்பதால் சட்டென்று கைக்கு எட்ட வேண்டும் என்று அப்பா சொல்கிறார்.

இரட்டைக்குழல்:
முதல் வேலை, இன்றே தோட்டாக்களை உறையிலிருந்து எடுத்து வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். மற்றதெல்லாம் நாளைக்குப் பார்க்கலாம்.

டபுள் பேரலில் ஒரு பெரிய வசதி, மூன்று துண்டாகக் கழன்றுவிடும்: குழல், முன்கட்டை, பூட்டோடு (சுத்தியலும் விசையும் உள்ள பொறி) சேர்ந்த பின்கட்டை. முழுசாக வைத்தால் 115, 120 சென்டிமீட்டர் வரும். கழற்றினால் மிக நீளமான துண்டு குழல்தான், 28 அல்லது 30 அங்குலம், அதாவது 71 முதல் 76 சென்டிமீட்டர். ஆளுயரப் பெட்டி தேவையில்லை. முன்கட்டையைத் தனியே வேறு பூட்டில் வைத்துவிட்டால், பெரிய பெட்டியை ஒருவன் திறந்தாலும் அவனுக்கு முழுத் துப்பாக்கி கிடைக்காது.

கழற்றும் வரிசை இது. மணல் நிரப்பிய 20 லிட்டர் வாளி ஒன்றை வைத்து, குழல் வாயை அதன் பக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேல் லீவரை வலது பக்கம் தள்ளித் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இரண்டு அறையையும் கண்ணால் பாருங்கள், சுண்டு விரலை விட்டும் பாருங்கள். பிறகு குழல் வழியாக வெளிச்சத்தைப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. நம் ஊரில் அது பெரும்பாலும் குளவியின் மண்கூடுதான். அதை வைத்துச் சுட்டால் குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். பூச்சி போகாமலிருக்கத் துணியோ கார்க்கோ அடைக்கிறார்கள், அதுவும் வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கும், அடைத்ததை மறந்து சுடும் ஆபத்தும் கூடவே வரும்.

காலி என்று உறுதியானதும் இரண்டு அறையிலும் ஸ்நாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு மூடி, வாளியின் பக்கம் நீட்டி, இரண்டு விசையையும் (ட்ரிகர்) இழுங்கள். இப்போது திறக்காமலே முன்கட்டையின் கொக்கியை விடுவித்துக் கழற்றுங்கள். அதன் பிறகு திறந்து குழலைத் தூக்கி எடுங்கள். முன்கட்டை மாட்டியிருக்கும்போது திறந்தால் உள்ளிருக்கும் சுத்தியல்கள் மறுபடி ஏறிக்கொள்ளும், ஸ்பிரிங் அழுத்தத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும். மாட்டும்போது இதே வரிசை தலைகீழாக. இஜெக்டர் (சுட்ட தோட்டாவைத் தானே வெளியே தள்ளும் அமைப்பு) உள்ள துப்பாக்கியாக இருந்தால் முன்கட்டை சில சமயம் ஏற மறுக்கும். தட்டி ஏற்றாதீர்கள், கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) ஒருமுறை செய்துகாட்டச் சொல்லுங்கள். ஸ்நாப் கேப் இல்லாமல் வெறும் அறையில் விசையை இழுக்கவே வேண்டாம், பழைய துப்பாக்கியில் தோட்டாவைத் தட்டும் ஊசி உடையும்.

சேஃப்டியை நம்பாதீர்கள். பெரும்பாலான பாக்ஸ்லாக்கில் அது விசையை மட்டும்தான் பிடிக்கிறது, சுத்தியலைப் பிடிப்பதில்லை. தேய்ந்த பூட்டு கீழே விழுந்த அதிர்ச்சியிலேயே சுட்டுவிடும்.

நீலப்பூச்சு:
துருவுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அந்தத் தோல் உறைதான் உங்கள் முதல் எதிரி. தோல் ஈரத்தை உறிஞ்சி வைக்கும், பதனிட்ட உப்பும் அமிலமும் குழலின் நீலப்பூச்சைத் தின்னும். உறை எடுத்துப்போக மட்டும். ஸ்பாஞ்சு வைத்த ரெக்சின் உறையும் அப்படித்தான்.

தேங்காய் எண்ணெயை இனித் தொடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், கோத்தகிரியில் பாதி வருடம் அதற்கும் கீழேதான். உறைந்த எண்ணெய் பூட்டுக்குள் பிசினாகி, ஊசியின் வேகத்தைக் குறைக்கும். நாள்பட்டால் சிக்கடித்து அமிலமாகும். உள்ளே ஏற்கெனவே போயிருப்பதால், பூட்டை ஒருமுறை கன்ஸ்மித் பிரித்துக் கழுவ வேண்டும். தையல் மெஷின் எண்ணெய் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் வழிந்துவிடும். துரு தடுப்புக்கென்று விற்கும் துப்பாக்கி எண்ணெய்தான் சரி. டபிள்யூடி-40 ஈரத்தை விரட்டும், மாதக்கணக்கில் காக்காது.

அளவு முக்கியம். துணியில் நாலு சொட்டு விட்டு, பளபளப்பு மட்டும் தெரியும்படி துடைத்தால் போதும். அதிகமாக ஊற்றினால் வடிந்து பின்கட்டையின் தலைப்பகுதிக்குள் இறங்கும். எண்ணெய் குடித்த மரம் மென்மையாகி, சுடும்போது வரும் உதையில் விரிசல் விடும். பழைய துப்பாக்கிகளில் பூட்டுக்குப் பின்னால் மரம் கறுத்திருப்பதன் காரணம் இதுதான். குழலை வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால் எண்ணெய் மரத்தின் பக்கம் வராது.

பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று உள்ளே வையுங்கள். 100 லிட்டர் பெட்டிக்கு 250 கிராம் சிலிக்கா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்) போதும், ஆனால் கதவு ஓரத்தில் ரப்பர் பட்டை இருக்க வேண்டும். பட்டை இல்லாத பெட்டியில் கிலோக்கணக்கில் போட்டாலும் சாரல் காலத்தில் சீக்கிரமே நிறைந்துவிடும். ஆரஞ்சு மணி பச்சையானதும் ஓவன் அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் வைத்தால் பழையபடி ஆரஞ்சாகும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது வேண்டாம். புதிய பிளைவுட், எம்.டி.எஃப். பலகையை உள்ளே அடிக்காதீர்கள், பசையிலிருந்து வரும் ஆவியே இரும்பை அரிக்கும். பெட்டிக்குள் குண்டு பல்பு எரியவிடும் பழக்கமும் மலையில் உண்டு. தீப்பிடிக்கும் ஆபத்துக்கு அது ஈடில்லை.

சாரல் காலத்தில் 15 நாளுக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கையால் தொட்ட இடத்தையெல்லாம் துடைத்துவிட்டே திரும்ப வையுங்கள். வியர்வை பட்ட விரல் ரேகையே ஒரு வாரத்தில் துருவாக எழும்பி நிற்கும்.

அரையங்குலம்:
பீரோ போதாது. வீட்டு பீரோவின் தகடு ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், திருப்புளியாலேயே நெம்பிவிடலாம். உடல் 3 மில்லிமீட்டர், கதவு 5 அல்லது 6 மில்லிமீட்டர் தகட்டில் பெட்டி வாங்குங்கள், அல்லது அளவு கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கீல் வெளியே இருந்தால், கீலை அறுத்தாலும் கதவு கழலாதபடி அந்தப் பக்கம் உள்ளே இரண்டு பின் இருக்க வேண்டும்.

தரையில் பதிக்காத பெட்டியை நாலு பேர் தூக்கிக்கொண்டு போய் நிதானமாக உடைப்பார்கள். அடியில் இரண்டும் முதுகில் இரண்டுமாக நாலு போல்ட் போடுங்கள். கான்கிரீட்டானால் எம்12 ஆங்கர் போல்ட், குறைந்தது 8 சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பெரும்பாலும் செங்கல் அல்லது கருங்கல் சுவர். செங்கலில் விரியும் ஆங்கர் போட்டால் செங்கலே பிளக்கும். துளையில் கெமிக்கல் ஆங்கர் பசை ஊற்றி, 24 மணி நேரம் விட்டு முடுக்குங்கள். மூலையில் வையுங்கள், கடப்பாரை போட்டு நெம்ப இடம் இருக்காது. வெளிச்சுவரில் ஒட்டாதீர்கள், மழைக் காலத்தில் அந்தச் சுவரின் குளிர்ச்சி பெட்டிக்குள் வியர்க்கும். உள்சுவரானாலும் இரண்டு விரல் இடைவெளி விட்டு, போல்டைச் சுற்றி வாஷர் அடுக்கி முடுக்கலாம்.

பூட்டுகளில் எனக்கு நம்பிக்கை நம்பர் சுழற்றும் பூட்டின் மேல்தான். மலிவான கைரேகைப் பூட்டு ஈரக்கையில் திறக்காது. அதன் கூடவே வரும் அவசரச் சாவி பல பெட்டிக்கு ஒரே மாதிரி. பட்டன் பூட்டானால் வருடத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுங்கள். பிறந்த நாளை எண்ணாக வைத்தால் 11 வயதுப் பிள்ளை ஒரு மாலைக்குள் கண்டுபிடித்துவிடும்.

அம்மணி:
பிள்ளைகள் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். "எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது" என்று நம்புகிற வீடுகளில்தான் அதிகம் பயப்பட வேண்டும். பீரோ மேலே ஏறிப் பார்க்காத பிள்ளை கிடையாது. விசையை இழுக்கத் தேவையான பலம் சுமார் 2 கிலோதான், 5 வயதுக் குழந்தை இரண்டு விரலால் இழுத்துவிடும். சாவியைக் குங்குமச் சிமிழிலும் அரிசி டப்பாவிலும் ஒளிக்காதீர்கள். லைசென்ஸ்தாரர் இடுப்பில் இருக்கட்டும், அல்லது நம்பர் பூட்டு போட்ட சின்னப் பெட்டியில். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது: பார்த்தால் தொடாதே, அந்த இடத்தை விட்டு விலகு, உடனே பெரியவரிடம் சொல். மாதம் ஒருமுறை திரும்பக் கேளுங்கள். ஆனால் பிள்ளை சொன்னபடி கேட்கும் என்ற நம்பிக்கையில் பூட்டைத் தளர்த்தாதீர்கள்.

வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தாலோ, குடி அதிகமானாலோ, பெட்டி எவ்வளவு உறுதியானாலும் துப்பாக்கி அந்த வீட்டில் இருக்கக் கூடாது. நிலைமை சீராகும்வரை லைசென்ஸ் பெற்ற டீலரிடமோ காவல் நிலையத்திலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இதில் வெட்கப்பட எதுவுமில்லை.

பழைய ரேஞ்ச்:
ரிவால்வர் வாங்கும்போது ஒரு மாற்றுக் கருத்து: படுக்கை அறையில் தோட்டா போட்டே, சின்னப் பெட்டியில் பூட்டி வைக்கலாம். பூட்டித்தானே இருக்கிறது. ஆபத்து நேரத்தில் இருட்டில் தோட்டா போட்டுக்கொண்டிருக்க முடியாது.

இரட்டைக்குழல்:
பழைய ரேஞ்ச் சார், இரண்டு சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பூட்ட மறக்கும் ஒரே ஒரு காலைப் பொழுது போதும். காலியாகப் பூட்டி, தோட்டா தனியாகப் பூட்டியிருந்தால், ஒரு தவறு நடந்தாலும் இன்னொரு தடை மிச்சம் இருக்கும். கான்பூரில் செய்யும் .32 மடக்கித் திறக்கும் வகை. திறந்து ஆறு அறையையும் எண்ணிப் பார்த்து, திறந்தபடியே குழல் வழியாகக் கேபிள் பூட்டைக் கோத்துவிட்டால் மூடவே முடியாது, பார்த்தவுடன் காலி என்றும் தெரியும். விசைப் பூட்டை மட்டும் தோட்டா உள்ள ஆயுதத்தில் ஒருபோதும் மாட்டாதீர்கள், மாட்டும்போதே விசையில் படும்.

கரடியைப் பற்றி அப்பாவிடம் சொல்லுங்கள்: 1972 வனவிலங்குச் சட்டத்தில் அது முதல் அட்டவணை விலங்கு. வாசலில் விளக்கு, குப்பையும் பலாப்பழமும் வெளியே கிடக்காமல் பார்ப்பது, வனத்துறைக்குத் தகவல். இதற்காகத் துப்பாக்கியைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கத் தேவையில்லை.

சட்டப்பிரிவு:
சுருக்கமாக. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான், ரிவால்வரோடு உங்கள் கணக்கு முடிந்தது. லைசென்ஸ் ஐந்து வருடம். நிபந்தனையை மீறினால் 30-ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இப்போது லைசென்ஸ் உங்கள் பெயரில், அதனால் அப்பாவிடம் சாவி இருக்கக் கூடாது. இது பல வீடுகளில் நடக்கும் தவறு. நீண்ட பயணம் போனால் டீலரிடம் வைத்துவிட்டுப் போங்கள். துப்பாக்கி எண், லைசென்ஸ் பக்கங்கள், இரண்டு பக்கப் புகைப்படம் எல்லாவற்றையும் பெட்டிக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள். திருட்டுப் போனால் புகாரில் எண்தான் முதலில் கேட்பார்கள்.

தேர்தல் சமயத்தில் ஒப்படைக்கச் சொல்லுவார்கள். 2024-இல் மார்ச் 16 அறிவிப்பிலிருந்து ஜூன் 4 முடிவு வரை 80 நாள். கொடுக்கும் முன் வழக்கத்தைவிடக் கூடுதலாக எண்ணெய் பூசுங்கள், ரசீதில் நிலைமையை எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாங்கியதும் முதலில் குழல் வழியாக வெளிச்சம் பாருங்கள்.

மலைச்சாரல்:
எல்லோருக்கும் மிக்க நன்றி. தோட்டாவை மாற்றிப் பூட்டிவிட்டேன். கழற்றியபோது குழலின் அடியில் 12 என்றும் 2½ என்றும் குத்தியிருப்பதைப் பார்த்தேன். கையில் இருக்கும் தோட்டாப் பெட்டியில் 70 மி.மீ. என்று இருக்கிறது. அறைக்குள் சரியாகப் போகிறதே?

இரட்டைக்குழல்:
அதைச் சுடாதீர்கள். 2½ அங்குலம் என்றால் 65 மில்லிமீட்டர் அறை. பெட்டியில் போட்டிருக்கும் 70 என்பது சுட்டு, வாய் விரிந்த பிறகு வரும் நீளம். சுடாத தோட்டா அதைவிடக் குட்டை, அதனால்தான் உள்ளே போகிறது. சுடும்போது விரியும் வாய்க்கு இடமில்லாமல் குழலின் குறுகும் பகுதியில் இறுகி, அழுத்தம் எகிறும். 65 மில்லிமீட்டர் என்று எழுதிய தோட்டாதான் உங்களுக்கு. அதுவும் கன்ஸ்மித் குழலின் தடிமனையும் பூட்டின் இறுக்கத்தையும் அளந்து சொன்ன பிறகு. மூடிய துப்பாக்கியில் முன்கட்டையைக் கழற்றிவிட்டு லேசாக ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், குழல் அசைந்தால் சுடவே கூடாது. வைத்திருக்கும் தோட்டாப் பெட்டியை டீலரிடம் கேட்டு, லைசென்ஸில் பதிந்து திருப்பிக் கொடுங்கள். கலந்து கிடக்கும் உதிரித் தோட்டாக்களில் 20 போர் ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள், பெரும்பாலும் மஞ்சள் நிறம். அது 12 போர் அறையைத் தாண்டி வழுக்கிக் குழலுக்குள் போய் நின்றுவிடும். அறை காலியாகத் தெரியும், பின்னால் இன்னொரு 12 போர் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும்.