மங்கலாத் தெரியுற ரெண்டாவது கோடு: எதை நம்பலாம், எதை விடணும்?

சிவாஜிநகர், மருந்துக்கடை கவுண்டர்

வீட்டுல பார்த்த கர்ப்பப் பரிசோதனை கார்டோட போட்டோவைக் காட்டி "அக்கா, கோடு இருக்கா இல்லையா?"ன்னு கேக்குறவங்ககிட்ட நாங்க திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான். எத்தனையாவது நிமிஷத்துல பார்த்தீங்க? கார்டுல C கோடு கார்டு சரியா வேலை செய்யுதுன்னு காட்டும், T கோடு கர்ப்பத்தைக் காட்டும். 5 நிமிஷத்துக்குள்ள, C கோட்டோட அதே ரோஸ் நிறத்துல, அதே அகலத்துல, விளிம்புக்கு விளிம்பு முழுசா வந்த T கோடு எவ்வளவு வெளிறி இருந்தாலும் பாசிட்டிவ்தான். ராத்திரி குப்பைக்கூடையிலிருந்து எடுத்துப் பார்த்தப்ப தெரிஞ்சது கணக்குல சேராது. C கோடே வரலைன்னா கார்டைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்குங்க. பார்க்க வேண்டிய நேரம் பிராண்டுக்கு பிராண்டு மாறும், கவர்ல போட்டிருக்கிறதைப் படிச்சிடுங்க.

ஜெயநகர், லேப் டெக்னீஷியன்

மேல சொன்னதுக்குக் காரணத்தையும் சொல்லிடறேன், அப்பதான் பதட்டம் குறையும். T இருக்கிற இடத்துல, கர்ப்பமானா உடம்புல சுரக்கிற எச்.சி.ஜி ஹார்மோனைப் பிடிக்கிற ஆன்டிபாடியைக் கண்ணுக்குத் தெரியாத கோடா பூசியிருப்பாங்க. ஹார்மோன் அங்க மாட்டும்போது கூட வர்ற சாயமும் நிக்கும், அதுதான் ரோஸ். ஹார்மோன் கொஞ்சமா இருந்தா சாயமும் கொஞ்சம். சிறுநீர் காய்ஞ்ச பிறகு பூசின இடம் மட்டும் சாம்பல் நிழலாத் தெரியும். அதுல நிறம் இருக்காது. பலரையும் அழ வைக்கிறது இந்த நிழல்தான்.

கரு ஒட்டுறது முட்டை வெளிவந்து 6 முதல் 12 நாளுக்குள்ள. அதுக்கப்புறம்தான் எச்.சி.ஜி ஏற ஆரம்பிக்கும், தொடக்கத்துல ரெண்டு மூணு நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அதனால இன்னைக்கு மங்கலா இருந்தா நாளைக்கே வேண்டாம், 48 மணி நேரம் கழிச்சு அதே பிராண்டுல பாருங்க. வேற பிராண்டோட கோட்டை வெச்சு அடர்த்தியை ஒப்பிடவே கூடாது.

கார்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சிருந்தா அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரிங்க, பிரிச்ச உடனே பயன்படுத்துங்க. சமதளத்துல வெச்சு, டிராப்பரை நேரா பிடிச்சு, குமிழி இல்லாம கவர்ல சொன்ன அளவுக்கு மட்டும் சொட்டு விடுங்க. பெரும்பாலும் 2 அல்லது 3 இருக்கும். கம்மியா விட்டா நீர் கடைசி வரைக்கும் ஓடாது. கொட்டினா கோடு தெரியுற ஜன்னல் முழுக்க ரோஸாப் பரவி ஒண்ணும் புரியாது. ஒயிட்ஃபீல்டு பக்கம் நைட் ஷிஃப்ட் போறவங்களுக்கு விடியற்காலை முதல் சிறுநீர்ங்கிற கணக்கு இல்ல. நீளமாத் தூங்கி எழுந்ததும் வர்ற முதல் சிறுநீர்தான் அவங்களுக்கு. அதுக்கு முன்னாடி ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா இருக்கிற கோடும் வெளிறிடும்.

இந்திராநகர், கருத்தரிப்பு மைய செவிலியர்

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. சிகிச்சையில முட்டை வெளிவர எச்.சி.ஜி ஊசி போட்டவங்களுக்கு அந்த மருந்தே கோடு காட்டும். 10 முதல் 14 நாள் வரை உடம்புல இருக்கலாம். டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடி கார்டைத் தொடாதீங்க ப்ளீஸ்.

அல்சூர், பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ்

48 மணி நேரத்துக்கப்புறமும் சந்தேகமா இருந்தா ரத்தத்துல அந்த ஹார்மோன் அளவைப் பார்க்கிற பீட்டா எச்.சி.ஜி பரிசோதனை எடுங்க. ரிப்போர்ட்ல எண் (mIU/mL) 5க்குக் கீழ இருந்தா நெகட்டிவ், 25க்கு மேல பாசிட்டிவ், நடுவுல வந்தா ரெண்டு நாள் கழிச்சு அதே லேப்ல திரும்ப எடுக்கணும். லேப் மாத்தினா எண்ணும் கொஞ்சம் மாறும், ஏறுதா இறங்குதான்னு சொல்ல முடியாது. கோடு மறைஞ்சு மாதவிடாய் வந்துட்டா, ஒட்டின கரு தொடக்கத்துலேயே வளராம நின்னுருக்கலாம். நீங்க தூக்கினது, நடந்தது எதுவும் அதுக்குக் காரணமில்ல கண்ணுங்களா, இதை யாரும் உங்க தலையில கட்ட விடாதீங்க.

ஆனா கோடு மங்கலாவே நின்னு, அடிவயித்துல ஒரு பக்கமா வலி, தோள்பட்டை நுனியில வலி, தலைசுத்தல், ரத்தக்கசிவு, இதுல எது வந்தாலும் கார்டை வெச்சுப் பார்த்துட்டு உட்காராதீங்க. கரு கர்ப்பப்பைக்கு வராம கருக்குழாயிலேயே தங்கியிருக்கலாம், குழாய் வெடிச்சா உயிருக்கே ஆபத்து. ராத்திரி ஆனாலும் 108 கூப்பிடுங்க, இல்லன்னா பக்கத்துல எமர்ஜென்சி இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. பெங்களூருல வாணி விலாஸ் மாதிரி அரசு மகப்பேறு ஆஸ்பத்திரியும் இருக்கு.

ஸ்ரீராம்புரம், ஆஷா (அரசு சுகாதாரத் தொண்டர்) பணியாளர்

கார்டு வாங்கக் காசில்லைன்னு யாரும் காத்திருக்க வேண்டாம், உங்க ஏரியா ஆஷாகிட்ட 'நிஷ்சய்' கர்ப்பப் பரிசோதனை கிட் கேளுங்க, இலவசம். பாசிட்டிவ்னு உறுதியானா 12 வாரத்துக்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிஞ்சு தாயி கார்டு (கர்நாடகாவுல கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற பதிவு அட்டை) வாங்கிடுங்க. ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அதுவரைக்கும் தள்ளிப்போடாதீங்க, கோடு தெரிஞ்ச நாளே டாக்டரைக் கேட்டு ஆரம்பிங்க.