கலைச்சொல் உதவி: ‘இம்போர்ட் மீடியா’வுக்கு இறக்குமதி வேண்டாம், வேறு என்ன?

காட்சித் தொடர்பியல் ஆசிரியை, திருச்சி

அனைவருக்கும் வணக்கம்.

முதலாமாண்டு மாணவர்களுக்குக் கேடென்லைவ் என்ற காணொளி எடிட்டிங் மென்பொருளைச் சொல்லித்தருகிறேன். கையேடு தமிழில். திங்கள் காலை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு அத்தியாயம் இழுக்கிறது: ஃபோட்டோ லைப்ரரியில் இருக்கும் படங்களையும் காணொளிகளையும் எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவருவது. இதுவரை ‘இறக்குமதி’ என்றே எழுதிவந்தேன். அந்தச் சொல்லால் வினை வந்து சேர்ந்தது.

பிள்ளைகள் கேமரா கார்டைச் செருகி, அதிலிருந்தே கோப்புகளைப் ப்ராஜெக்ட் பின்னில் (கோப்புகள் பட்டியலாக நிற்கும் பெட்டியில்) போடுகிறார்கள். இறக்குமதி முடிந்தது என்று கார்டை உருவி, அடுத்த படப்பிடிப்புக்காக ஃபார்மேட்டும் அடித்துவிடுகிறார்கள். மறுநாள் திறந்தால் காணாமல்போன கோப்புகளின் பட்டியல்தான் முதலில் வருகிறது. கேடென்லைவ் எதையும் நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை. கோப்பு இருக்கும் பாதையை மட்டும் குறித்துக்கொள்கிறது. இதை நான் வகுப்பில் சொல்லத்தான் செய்தேன். ஆனால் ஒரு மாணவி கேட்டாள்: “இறக்குமதின்னா சரக்கு நம்ம ஊருக்கு வந்துடுச்சுன்னுதானே மேடம் அர்த்தம்?” கேள்வி நியாயமானது.

இன்னொரு சங்கடம். லைப்ரரிக்குப் ‘படத்தொகுப்பு’ என்று போட்டேன். எடிட்டிங்கும் படத்தொகுப்புதான். ‘படத்தொகுப்பிலிருந்து படத்தொகுப்பு மென்பொருளுக்கு’ என்று ஒரு வாக்கியம் அமைந்து, பிழைதிருத்தியவர் பக்கவாட்டில் பெரிய கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.

ஞாயிறு இரவுக்குள் இரண்டு சொற்கள் வேண்டும்.

தமிழாக்கக் குழு உறுப்பினர், பெங்களூரு

மேடம், பிரச்சினை பாதி மூலத்திலேயே தீர்ந்திருக்கிறது. கேடென்லைவ் பட்டியில் (மெனுவில்) இருப்பது ‘ஆட் கிளிப்’. இம்போர்ட் இல்லை. ஆகவே ‘சேர்’. படங்களை அடுக்கிவைக்கும் மென்பொருளான டிஜிகாமில் இருப்பதுதான் இம்போர்ட். அது கார்டிலிருந்து ஆல்பத்துக்கு உண்மையாகவே நகலெடுக்கிறது. அங்கே ‘இறக்குமதி’ இருந்துவிட்டுப் போகட்டும். நகலெடுத்தால் இறக்குமதி, சுட்டிக்காட்டினால் சேர். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு வேலை பார்க்கும் இடங்களில் சூழல் குறிப்பு வைத்து இரண்டு மொழிபெயர்ப்பு தருவதற்கு, மொழிபெயர்ப்புகளை எழுதிவைக்கும் பிஓ கோப்பிலேயே வசதி உண்டு. இதற்கு மேல் இந்த இழையை நீட்டத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், தஞ்சாவூர்

தம்பி, நீட்டத் தேவை இருக்கிறது. ‘இறக்குமதி’ என்ற சொல்லையே நாம் சரியாகப் பார்க்கவில்லை. இறக்கு தெரிகிறது, மதி எங்கிருந்து வந்தது? அனுமதி, வெகுமதி போன்ற வடசொற்களின் ஓசையைப் பார்த்து ஒட்டிக்கொண்டதா, சுங்கத்தில் சரக்கை மதிப்பிட்டதால் வந்ததா? பின்னதே பொருந்தும் என்பது என் எண்ணம்; யாரும் ஏற்க வேண்டிய கட்டாயமில்லை.

அது கிடக்கட்டும். பட்டினப்பாலையைத் திறந்து பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சரக்கு வருவதையும் போவதையும் புலவர் எப்படிச் சொல்கிறார்?

‘நீரினின்று நிலத்தேற்றவும்
நிலத்தினின்று நீர்ப்பரப்பவும்’

கடலிலிருந்து வரும் பண்டம் நிலத்தில் *ஏற்றப்படுகிறது*. இன்று நாம் இறக்குமதி என்கிறோமே, அது அங்கே ஏற்றுதல்! காரணம் எளிது. புலவர் கரையில் நிற்கிறார், கரை மேடு, நீர் பள்ளம். நாம் கப்பலில் நின்று பேசுகிறோம். கப்பலிலிருந்து கீழே வந்தால் இறக்கு. கணினிக்குள் கொண்டுவருவதை இறக்குவது என்பதா ஏற்றுவது என்பதா? முதலில் நாம் எங்கே நிற்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

ஐயா சொன்னது நன்று. ஆனால் எங்கள் பக்கத்தில் ‘டவுன்லோடு’க்குத் தரவிறக்கம் என்று பாவிக்கிறோம். தமிழ்நாட்டில் பதிவிறக்கம். இரண்டிலும் இறக்கம் போய்விட்டது. ‘அப்லோடு’க்குப் பதிவேற்றம், தரவேற்றம் என்று ஏற்றமும் போய்விட்டது. இனி எதை ஏற்றினாலும் எதை இறக்கினாலும் வாசிப்பவருக்கு இணையம்தான் நினைவுக்கு வரும். ‘காணொளியை இறக்கு’ என்று கையேட்டில் இருந்தால் பிள்ளை நேரே யூடியூபுக்குத்தான் போகும்.

‘உள்வாங்கு’ எப்படி? வெளியில் இருப்பது உள்ளே வருகிறது என்பது சட்டென்று விளங்கும்.

எழுத்தாளர், நாகப்பட்டினம்

மன்னிக்கவும், உள்வாங்கு வேண்டாம். எங்கள் ஊரில் உள்வாங்குவது கடல்தான். 2004 டிசம்பருக்குப் பிறகு அந்தச் சொல்லை இங்கே யாரும் சாதாரணமாகக் கேட்பதில்லை. ‘கோப்புகள் உள்வாங்கப்பட்டன’ என்று திரையில் வந்தால் அடுத்து என்ன வரும் என்று பயப்படுவேன்.

தவிர ‘ஊடகத்தை இறக்குமதி செய்’ என்று வேறு சில மென்பொருள்களில் பார்த்திருக்கிறேன். ஊடகம் என்றால் நம்மவருக்குப் பத்திரிகையும் தொலைக்காட்சியும். அதைப் படிக்கும்போது மாநகராட்சி வாசலில் ஒரு லாரி நிறைய செய்தியாளர்கள் வந்து இறங்குகிற காட்சிதான் எனக்குத் தோன்றுகிறது. மீடியாவுக்கு முதலில் ஏதாவது செய்யுங்கள்.

ஸ்டூடியோக்காரர், காரைக்குடி

வணக்கம். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன், இலக்கணம் தெரியாது, வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் கடையில் என்ன பேசுகிறோம் என்று சொல்லிவிடுகிறேன்.

கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுவது ‘டம்ப்’. “கார்டை டம்ப் பண்ணிட்டியா?” டம்ப் ஆகி, இன்னொரு டிஸ்கிலும் ஒரு காப்பி விழுந்த பிறகுதான் கார்டில் கை வைக்க வேண்டும். அப்புறம் எடிட்டிங் மென்பொருளில் போடுவது ‘ஏத்துறது’. “முகூர்த்தம் ஏத்தியாச்சு, ரிசப்ஷன் இன்னும் ஏத்தல.” இறக்குமதி என்று யாரும் சொல்லிக் கேட்டதே இல்லை.

டீச்சர் சொன்ன விபத்து டம்ப்புக்கும் ஏத்துறதுக்கும் வித்தியாசம் தெரியாததால் வருவது. மென்பொருளுக்கு மென்பொருள் வேறு மாறும். ஐமூவி தன் லைப்ரரிக்குள் நகலெடுத்து வைத்துக்கொள்ளும். ஃபைனல் கட் உங்களையே கேட்கும்: லைப்ரரிக்குள் நகலெடுக்கட்டுமா, இருந்த இடத்திலேயே விடட்டுமா? கேடென்லைவிலும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் திரட்ட வேண்டுமென்றால் ‘ஆர்க்கைவ் ப்ராஜெக்ட்’ இருக்கிறது. அது கோப்புகளையும் சேர்த்து ஒரு ஃபோல்டரில் நகலெடுத்துத் தரும். கையேட்டில் அதற்கு ஒரு பத்தி கட்டாயம் வேண்டும்.

ஃபோட்டோ லைப்ரரி பற்றியும் ஒன்று. மேக்கில் ஃபோட்டோஸ் லைப்ரரி வெளியிலிருந்து பார்த்தால் ஒரே கோப்பு மாதிரி இருக்கும். திறந்து உள்ளே போனால் ஒரிஜினல்ஸ் ஃபோல்டர், அதற்குள் எண்ணும் எழுத்துமாக நீளநீளமான பெயர்கள். சில பையன்கள் அதற்குள்ளேயே கையை விட்டுக் கோப்பை எடுத்து எடிட்டிங்கில் போடுகிறார்கள். போடக் கூடாது. பின்னால் லைப்ரரியில் அந்தப் படத்தை அழித்தாலோ லைப்ரரியையே வேறு டிஸ்குக்கு மாற்றினாலோ பாதை போச்சு. இடம் மிச்சம் பிடிக்கும் ஐகிளவுட் வசதியைப் போட்டிருந்தால் முழு அளவுக் கோப்பு மேக்கில் இல்லாமலும் இருக்கலாம். முறைப்படி லைப்ரரியிலிருந்து ‘அன்மாடிஃபைடு ஒரிஜினல்’ என்று எக்ஸ்போர்ட் செய்து, ஒரு ஃபோல்டரில் வைத்து, அங்கிருந்து ஏத்துங்கள். ஃபோட்டோஸில் செய்த கிராப், கலர் எல்லாம் அதில் வராது என்பதையும் சொல்லிவையுங்கள். ஃபோன் வீடியோவில் பல நேரம் ஃப்ரேம் ரேட் (நொடிக்கு எத்தனை படம் என்பது) நிலையாக இருக்காது, ஆடியோ நழுவும். அது தனிக் கதை.

பேராசிரியர், தஞ்சாவூர்

காரைக்குடித் தம்பிக்கு என் வணக்கம்! இலக்கணம் தெரியாது என்றீர்களே, பட்டினப்பாலைக்காரர் பேசியதைத்தான் நீங்கள் பேசுகிறீர்கள். நிலத்தேற்றவும், ஏத்தியாச்சு. இடையில் வந்த ‘இறக்குமதி’தான் நம்மைக் குழப்பியது.

அதே இடத்தில் ‘புலி பொறித்துப் புறம்போக்கி’ என்று வருகிறது. வந்த பண்டத்தின் மேல் சோழர் முத்திரையைப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு கோப்பிலும் தேதி, கேமரா, இடம் என்று ஒரு குறிப்பு ஒட்டிக்கொண்டு வருகிறதாமே, மெட்டாடேட்டா, அதற்குப் ‘பொறி’ என்று பெயரிடலாம் என்று ஒரு யோசனை...

ஆசிரியை, திருச்சி

ஐயா, மெட்டாடேட்டா அடுத்த பருவப் பாடம். இப்போது இம்போர்ட்.

தனித்தமிழ் ஆர்வலர், கோயம்புத்தூர்

இழை தொடங்கியதிலிருந்து எண்ணிப்பார்த்தால் தமிழைவிடக் கிளிப், பின், டம்ப், ஆல்பம்தான் அதிகம். சொல் இல்லாமலா? ‘வெளியூரிலிருந்து நெல் தருவித்தார்’ என்று நம் பாட்டிமார் சொன்ன சொல் இருக்கிறது: தருவி. ஓரிடத்தில் இருப்பதை வேண்டி வரவழைப்பது. இறக்கமும் இல்லை, ஏற்றமும் இல்லை, கப்பலும் வேண்டாம். பெயர்ச்சொல் தருவிப்பு. கிளிப்புக்குத் துணுக்கு. மீடியாவுக்கு ‘காட்சிப்பொருள்’. பழகினால் எல்லாம் பழகும். ‘பேருந்து’ வந்தபோதும் சிரித்தார்கள்.

பேராசிரியர், தஞ்சாவூர்

தருவி அழகான சொல். ஆனால் தொல்காப்பியம் குறுக்கே நிற்கிறது. ‘தருசொல் வருசொல் ஆயிரு கிளவியும் தன்மை முன்னிலை ஆயீர் இடத்த.’ தருதலும் வருதலும் எனக்கோ உனக்கோதான். படர்க்கைக்குக் கொடுத்தலும் செல்லுதலுமே. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். மென்பொருள் எந்த இடம்? படர்க்கை. ஆகவே மென்பொருளுக்குக் கோப்பைத் தருவிக்க இயலாது, கொடுப்பிக்கலாம்.

தனித்தமிழ் ஆர்வலர், கோயம்புத்தூர்

ஐயா, கட்டளையை அழுத்துபவர் மென்பொருளுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறார். தனக்காகத் தருவித்துக்கொள்கிறார். தன்மை இடம்தான். வழு இல்லை.

பேராசிரியர், தஞ்சாவூர்

அழுத்துபவர் வெளியே நாற்காலியில் இருக்கிறார். இருந்தாலும் உங்கள் வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அப்படியென்றால் ‘வருவி’யையும் எண்ணிப்பாருங்கள். மூலத்தில் இல்லாத சொல்லை உரையாசிரியர்கள் வருவித்து உரைப்பார்கள். திருச்சி அம்மா சொன்னபடி திட்டக் கோப்பில் படம் இல்லை, பாதை மட்டுமே உண்டு. ஓட்டும்போது மென்பொருள் படத்தை வருவித்துக் காட்டுகிறது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது!

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

ஐயா, பொருத்தம் எங்களுக்கு விளங்குகிறது. உரைநூல் வாசியாத பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு விளங்குமா? தருவியும் வருவியும் பட்டியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் எனக்கே தடுமாறும். அதோடு தரவு, தரவிறக்கம், தருவி என்று எல்லாம் ஒரே முகமாக இருக்கின்றன.

லைப்ரரிக்கு என் ஆலோசனை ‘படக் களஞ்சியம்’. நூலகம் என்று போட்டால் புத்தகம் தேடுவார்கள்.

ஸ்டூடியோக்காரர், காரைக்குடி

களஞ்சியம் நன்றாக இருக்கிறது. ஆனால் ஆல்பம் என்றால் என் அப்பாவுக்கும் புரியும். தருவி என்று ஒரு பட்டன் இருந்தால் சத்தியமாக அழுத்த மாட்டேன், எதையாவது அனுப்பிவிடுமோ என்று. கோவை அண்ணன் கோபிக்க வேண்டாம், பேருந்து வந்தாலும் எங்கள் ஊர் ஸ்டாண்டில் பஸ்தான் வருகிறது.

தனித்தமிழ் ஆர்வலர், கோயம்புத்தூர்

கோபமில்லை. எழுத்தில் பேருந்து நின்றுவிட்டதல்லவா? கையேடு எழுத்துதானே? பேச்சில் என்ன வேண்டுமானாலும் ஏத்திக்கொள்ளுங்கள். ஆல்பத்துக்கு ஒப்புதல் இல்லை, படப்பேழை என்று போடலாம். இன்னொன்று: கையேட்டில் காணொளி என்று ளகரம் போடுகிறீர்களா, காணொலி என்று லகரமா? ஒலியும் சேர்ந்ததுதானே...

தமிழாக்கக் குழு உறுப்பினர், பெங்களூரு

காணொளி காணொலிக்குத் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள். ஏற்கெனவே பழைய இழைகள் சில அப்படியே தொங்குகின்றன.

ஆசிரியை, திருச்சி

ஞாயிறு இரவு ஒன்பது மணி. என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்.

கேடென்லைவ் பகுதியில் ‘சேர்’. டிஜிகாமிலும் ஐமூவியிலும் உண்மையாகவே நகல் விழுவதால் ‘இறக்குமதி’. ஃபைனல் கட்டின் இரண்டு தேர்வுகளை ‘நகலெடுத்துச் சேர்’, ‘இருக்கும் இடத்திலிருந்தே சேர்’ என்று விரித்து எழுதியிருக்கிறேன். லைப்ரரிக்குப் படக் களஞ்சியம். மீடியா என்ற சொல்லையே எடுத்துவிட்டேன். படம், காணொளி, ஒலி என்று பிரித்தே எழுதினால் எங்கும் குறையவில்லை. ‘காணொளி’ ளகரம், மாற்ற நேரமில்லை. காரைக்குடி அண்ணன் சொன்ன டம்ப் விஷயம் கட்டம் போட்டுத் தனியாக வருகிறது, தலைப்பு: ‘முதலில் நகல், பிறகு சேர்ப்பு’.

ஏற்று எனக்கும் பிடித்திருந்தது. ‘யூடியூபில் பதிவேற்று’ அடுத்த அத்தியாயத்திலேயே இருப்பதால் விட்டுவிட்டேன்.

எழுத்தாளர், நாகப்பட்டினம்

சேருக்கு என் ஆதரவு. உள்வாங்கு போனதே போதும்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

ஓம், சேர். இனிப் படுக்கப் போகிறேன்.

பேராசிரியர், தஞ்சாவூர்

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஓர் ஐயம் மட்டும். ‘சேர்’ ஏவலில் தன்வினைக்கும் பிறவினைக்கும் ஒரே வடிவம். சேர்ந்தான், சேர்த்தான் என்று முற்றில்தான் பிரியும். ‘கிளிப் சேர்’ என்றால் கிளிப்பைச் சேர்க்கச் சொல்கிறோமா, கிளிப்பையே போய்ச் சேரச் சொல்கிறோமா? இரண்டாம் வேற்றுமை உருபை விரித்து ‘கிளிப்பைச் சேர்’ என்று அச்சிட்டால் ஐயம் நீங்கும். வல்லெழுத்து மிகும், விட்டுவிடாதீர்கள்.

ஆசிரியை, திருச்சி

கோப்பு அச்சகத்துக்கு அனுப்பியாகிவிட்டது ஐயா. ‘கிளிப் சேர்’ என்றுதான் போயிருக்கிறது. காலையில் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கிறேன்.

தனித்தமிழ் ஆர்வலர், கோயம்புத்தூர்

சொல்லும்போது துணுக்கு என்றும் மாற்றச் சொல்லுங்கள். தருவிக்கு என் வாக்கு அப்படியே இருக்கிறது; இரண்டாம் பதிப்பில் பார்ப்போம்.