பிரேசில் செய்தி வாசிப்பாளர்களின் 'ர்': ஒலிப்பதிவு கிடைக்குமா?

வணக்கம். குரலே தொழிலானவர்களின் மெய்யொலிகள் எப்படி மாறுகின்றன என்று பிரேசில் போர்ச்சுகீசியத்தை வைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கதவுக்கு அங்கே 'போர்த்தா'. சாவோ பாவ்லோ மாநிலத்தின் உட்பகுதியில் அந்த 'ர்'ரை நாக்கை மடித்துச் சொல்வார்கள். ரியோவில் தொண்டையிலிருந்து 'ஹ்' போல வரும். டிவிக்குப் போனதும் பலர் ஊர் வாடையைக் குறைத்துக்கொள்கிறார்கள். மேடைப் பாடகர்களுக்கோ 1937இல் மாநாடே கூட்டி, ரியோ உச்சரிப்பை அடிப்படையாக வைத்தார்கள். கூட்டியது சாவோ பாவ்லோவில் என்பதுதான் வேடிக்கை!

ஒரே ஆள் செய்தி வாசிப்பதும் சாதாரணமாக அரட்டை அடிப்பதும் உள்ள ஒலிப்பதிவுகள் யாரிடமாவது உண்டா? ப்ராட் மென்பொருளில் அளக்க வேண்டும், பின்னணி இசை இல்லாவிட்டால் நல்லது. அப்புறம், அங்கே வசிப்பவர்கள் சொல்லுங்கள்: அந்த 'டிவி ர்' வீட்டுப் பேச்சிலும் ஒட்டிக்கொள்கிறதா?