சேவையில் தெரியவந்த திறமையை எப்படி உறுதி செய்துகொள்வது?

வணக்கம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தன்னார்வக் குழுவில் இருக்கிறேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும், அதற்காகத்தான் சேர்ந்தேன். ஆனால் அங்கே என்னைத் தேடுவது வேறு வேலைக்கு: ஒதுங்கி உட்காரும் பிள்ளையைப் பேச வைக்க, கோபமாக வரும் பெற்றோர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க. மதிப்பெண் பட்டியலில் இதற்கெல்லாம் இடமே இல்லை. எனக்கு இதில் அவ்வளவு சந்தோஷம். அதனால்தான் சரியாகப் புரிந்துகொள்ள நினைக்கிறேன்.

கொஞ்சம் படித்தும் பார்த்தேன். உளவியலாளர்கள் கிறிஸ்டோபர் பீட்டர்சனும் மார்ட்டின் செலிக்மனும் 2004-இல் 24 குணபலங்களை வகைப்படுத்தினார்கள். பரிவு, சமூக நுண்ணறிவு, தலைமைப் பண்பு எல்லாம் அதில் உண்டு. அதையொட்டிய கேள்வித்தாளில், நம்மைப் பற்றி நாமே பதில் சொல்கிறோம். அது மட்டும் போதாது என்று தோன்றுகிறது. செய்து, யோசித்து, ஒரு முடிவுக்கு வந்து, மறுபடி செய்து பார்ப்பது என்ற, கல்வியியலாளர் டேவிட் கோல்பின் கற்றல் சுழற்சி எனக்கு நம்பகமாகப் படுகிறது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: குறிப்பேடு வைத்திருந்தீர்களா, அதில் என்ன எழுதினீர்கள்? கூட இருப்பவர்களிடம் சங்கடமில்லாமல் கருத்துக் கேட்பது எப்படி? அப்புறம், பழகிய வேலையிலேயே இருப்பதா, இல்லை முதியோர் இல்லம், ரத்ததான முகாம் என்று மாறிப் பார்ப்பதா? நேர்காணலில் இதைச் சொன்னவர்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். பிள்ளைகளின் அடையாளம் வெளிவராமல் எப்படிச் சொன்னீர்கள் என்பது எனக்கு ரொம்ப முக்கியம்.