ரேலி அலைகளின் வேகத்தை அளப்பதில் ஒரு சிக்கல்: உதவி வேண்டுகிறேன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பெங்களூரில் புவி இயற்பியலில் முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். லால்பாக் பாறை போன்ற, ஏறத்தாழ 300 கோடி ஆண்டு பழமையான பாறைகள் கொண்ட தார்வார் நிலத்தொகுதியின் அடியில் மேல் கவசம் (மேலோட்டுக்குக் கீழுள்ள பாறை அடுக்கு) எவ்வாறு உள்ளது என்பதைத் தொலைதூர நிலநடுக்கங்களிலிருந்து புவிப்பரப்பை ஒட்டிப் பரவிவரும் ரேலி அலைகளைக் கொண்டு அறிய முயல்கிறேன்.

அலைவு நேரம் (ஓர் அலைவு முடிய ஆகும் நேரம்) கூடக்கூட இவ்வலைகள் மேலும் ஆழத்தை உணர்கின்றன. 20 நொடி அலை பெரும்பாலும் மேலோட்டையே காட்ட, நொடிக்கு 4 கி.மீ. அளவில் செல்லும் 100 நொடி அலை, தன் 400 கி.மீ. அலைநீளத்தில் மூன்றில் ஒரு பங்கான 130 கி.மீ. ஆழத்தை ஒட்டிய பகுதியை மிகுதியாக உணர்கிறது.

நிலநடுக்க மையத்தோடு ஒரே பெருவட்டத்தில் (புவிப்பரப்பில் இரு இடங்களுக்கிடையே மிகக் குறுகிய பாதை செல்லும் வட்டத்தில்) அமைந்த, 800 கி.மீ. இடைவெளியுள்ள இரு நிலையங்களுக்கிடையே கட்ட வேறுபாட்டை (ஒரே அலையின் அலைவு ஒன்றுக்கொன்று எவ்வளவு முன்பின் உள்ளது என்பதை) அளக்கும்போது, இடையில் எத்தனை முழு அலைவுகள் கடந்தன என்பது பதிவில் தெரிவதில்லை. 100 நொடியில் ஓர் அலைவு பிசகினால் வேகம் நொடிக்கு 8 அல்லது 2.7 கி.மீ. என வந்து பிழை தானே வெளிப்பட்டுவிடும். 20 நொடியிலோ 3.5-க்குப் பதில் 3.8 அல்லது 3.2 வருவதால் எது சரி என்று தீர்மானிக்க முடியவில்லை. அலைவு நேரத்துக்கேற்ப வேகம் மாறுவதைக் காட்டும் கோட்டை நீண்ட அலைகளிலிருந்து தொடர்ந்து வந்தாலும் 30 நொடியருகே அது உடைந்துவிடுகிறது.

இதைச் செய்து பார்த்தவர்கள், கோடு உடையும் அந்த இடத்தைச் சுற்றுப்புற நில இரைச்சலின் பதிவுகளால் நிரப்பினீர்களா, எதிரெதிர்த் திசைகளிலிருந்து வரும் பல நிலநடுக்கங்களின் சராசரியை நாடினீர்களா என்று தெரிவிக்க வேண்டுகிறேன். அலை பெருவட்டப் பாதையிலிருந்து விலகி வருவதைத் திருத்தும் முறையையும் அறிய விரும்புகிறேன். கேட்பவர்களுக்கு என் வரைபடங்களை அனுப்புகிறேன்.