மாலைப் பூசைக்கு மோட்டார் மேளம்: வேண்டுமா, வேண்டாமா?

உவர்மலையான்:
எங்கள் பிள்ளையார் கோயில் பரிபாலன சபை, மாலைப் பூசைக்கென மின்சாரத்தில் இயங்கும் மேளமும் மணியும் சேர்ந்த இயந்திரம் ஒன்றை வாங்கத் தீர்மானித்திருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. தவில்காரர் குருக்களின் கையைப் பார்த்தே வாசிக்கிறார். திரைக்குப் பின்னால் அலங்காரம் நடக்கும்போது அடக்கி வாசிப்பவர், திரை விலகித் தீபம் உயரும்போது காலத்தை முடுக்கிவிடுகிறார். இயந்திரமோ, ஆளியை (சுவிட்சை) போட்ட நொடியிலிருந்து நிறுத்தும் வரைக்கும் ஒரே அடியைத்தான் அடிக்கும்.

சபைக்காரன்:
அந்தத் தீர்மானத்துக்குக் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். எங்கள் கோயிலில் நித்திய பூசைக்குத் தவில் எப்போது இருந்தது, ஐயா? திருவிழா நாட்களைத் தவிர, சேமக்கலம் என்னும் வெண்கலத் தட்டைத் தட்டியது யாராவது ஒரு சிறுவன். மணியை இழுத்தது அன்றைக்கு முன்னால் நின்றவர். இயந்திரம் அந்தச் சிறுவனின் இடத்துக்கு வருகிறதே தவிர, தவில் வித்துவானின் இடத்துக்கு அல்ல. சிறுவர்கள் மாலை ஆறு மணிக்கு ரியூசன் வகுப்பில் இருக்கிறார்கள். மேலும், தவிலும் மாறித்தான் வந்திருக்கிறது. தோல்வாரால் இழுத்துக் கட்டிய தவிலுக்கு இன்று இரும்பு வளையமும் முறுக்காணியும் வந்துவிட்டன. அதை யாரும் ஆகம விரோதம் என்று சொல்லவில்லை.

உவர்மலையான்:
முறுக்காணி வந்தது உண்மை; ஆனால் கை மாறவில்லை. பலாமரத்தில் குடைந்த அதே உடல், வலக்கை விரல்களில் அதே கூடுகள், இடக்கையில் அதே கழி. கொடியேற்றத்தன்று பேரீதாடனம் (மேள முழக்கம்) செய்து தேவர்களை அழைப்பதையும், நவசந்திச் சடங்கில் ஒவ்வொரு திக்குக்கும் உரிய தாளத்தை முழக்குவதையும் எண்ணிப் பாருங்கள். சுவாமி புறப்படும்போது தவில் தனியே அலாரிப்பு என்னும் தொடக்க முழக்கை வாசித்த பின்னர்தான் நாதஸ்வரத்தில் கம்பீரநாட்டை ராகத்தில் மல்லாரி என்னும் கோயில் இசை எழுகிறது. தளிகைக்கு (நைவேத்தியத்துக்கு) ஒரு மல்லாரி, தேருக்கு வேறொரு மல்லாரி. என் பாட்டி முழங்கால் வலியால் வீட்டை விட்டு வெளியேறாத காலத்தில், திண்ணையில் இருந்தபடியே, "இப்போது சுவாமி வசந்த மண்டபத்தை விட்டு வெளிக்கிட்டுவிட்டார்" என்று மேளத்தைக் கேட்டுச் சொல்லுவார், ஒருமுறையும் பிழைத்ததில்லை. மோட்டார் சத்தத்தைக் கேட்டால் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது, இன்று மின்வெட்டு இல்லை என்பது மட்டுமே.

சாம்பல்தீவு வாசகி:
இருவரும் தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்த பெரிய மேளத்தை மட்டுமே வைத்து வாதிடுகிறீர்கள். கிழக்கிலங்கையில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகை அம்மன் கோயில்களில் உடுக்கும் சிலம்பும் அம்மானைக்காயும் பறையும் ஒலிப்பதை மறந்துவிட்டீர்களா? பறை முழக்கியவர்களைப் பல இடங்களில் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டு, அவர்களுடைய பிள்ளைகள் அந்தக் கருவியைத் தொட விரும்பாதபோது, "ஆள் கிடைக்கவில்லை" என்று சபைகள் வருந்துவது எனக்கு விளங்கவில்லை. சுந்தரர் தேவாரத்தில் தக்கை, தண்ணுமை, கிணை, சல்லரி, குடமுழவு என்று வரிசையாகக் கருவிகள் வருகின்றன. அவற்றில் எத்தனையை இன்று நம் கோயில்களில் கேட்கிறோம்? அவற்றையும் மோட்டாரா விரட்டியது?

சபைக்காரன்:
தங்கை சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் பணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் தெட்சிணாமூர்த்தி (1933–1975) போன்ற ஒரு தவில் மேதை நம் நாட்டில் தோன்றினார் என்று பெருமைப்படுகிறோம். அத்தகைய வித்துவான்களை வாழவைத்தது திருவிழாச் செலவை ஏற்கும் உபயகாரர்களின் போட்டிதான். "எங்கள் திருவிழாவுக்கு இன்னாரின் மேளம்" என்று சொல்லிக் கூட்டிவந்து, விடிய விடியச் சமா (மேளக் கச்சேரி) வைத்தார்கள். இன்று அதே உபயத்தின் பெரும்பங்கு மின்விளக்குச் சோடனைக்கும் ஒலிபெருக்கிக்கும் போகிறது. அந்தக் கணக்கைக் கேட்காமல், ஒரு சிறிய இயந்திரத்தின் மீது கோபப்படுவது எளிது.

உவர்மலையான்:
கணக்கைக் கேட்க நான் தயார். அடுத்த பொதுக்கூட்டத்தில் கேட்பேன். அதற்கிடையில் ஒரு வேண்டுகோள். தவில் பழகும் இளைஞர் ஒருவரை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், போக்குவரத்துச் செலவை நாங்கள் பொறுத்தால், வந்து வாசிக்கச் சம்மதிக்கிறார். அவர் வாசிக்கும் நாளில் இயந்திரத்தின் ஆளியில் யாரும் கை வைக்கக் கூடாது.

சபைக்காரன்:
முற்பணம் கட்டியாகிவிட்டதால் இயந்திரம் வரத்தான் போகிறது, ஐயா. ஆனால் அந்தத் தம்பியை வருகிற வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கே வரச் சொல்லுங்கள். கடற்காற்றில் தவிலைச் சுருதிக்குக் கொண்டுவர அவருக்கு நேரம் வேண்டியிருக்கும். போக்குவரத்துச் செலவைச் சபையில் கேட்டுப் பார்க்கிறேன், கிடைக்காவிட்டால் நானே தருகிறேன்.

சாம்பல்தீவு வாசகி:
உடுக்கு அடிப்பவர் ஒருவரை எனக்கும் தெரியும். அவருக்கும் போக்குவரத்துச் செலவு கிடைக்குமா?